உன் பெயரில் ஓடும் கார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

விற்கப் போவதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போனில் கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், என்னால் இருமத்தான் முடிந்தது. காரை விற்கப் போவதில்லை, வேலையையும் விடப் போவதில்லை. மற்றபடி இங்கே இருவரும் நலம். அப்பாவின் முழங்கால் அவர் சொல்லுகிற அளவுக்கு மோசமில்லை, என் ரத்த அழுத்தம் நான் சொல்லுகிற அளவுக்கு நன்றாக இல்லை, இரண்டையும் கூட்டிக் கழித்தால் நலம் என்றுதான் வரும். நீ நலமா என்று கேட்டால் ம் என்பாய். அந்த ம் எப்படி இருக்கிறது என்பதை வைத்து நானே முடிவு செய்துகொள்கிறேன், இந்த வாரம் பரவாயில்லை போலிருந்தது. போனில் பேசிவிட்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதோடு மூன்று தாள்கள் வைத்திருக்கிறேன், அவற்றில் உன் கையெழுத்து வேண்டும். கையெழுத்து போனில் வராது. எதற்குப் போடுகிறோம் என்று தெரியாமல் நீ போடவும் கூடாது. போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அம்மா அழுதுவிடுவாளோ என்று பயப்படுவாய், பயம் வந்ததும் பணம் அனுப்புகிறேன் என்பாய். தாளில் நடுவே யாரும் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வேலையைப் பற்றி உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரி லேபிலிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தேன். அலமாரியை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, இனிமேல் யாரும் என்னை அவசரமாகக் கூப்பிட மாட்டார்கள் என்று தோன்றியது. தோன்றியதும் ஒன்றும் நடந்துவிடவில்லை, மீதித் துணியையும் மடித்து வைத்தேன். ஆனால் அதற்கு அடுத்த வாரம் டாக்டரம்மா போன் செய்தபோது அவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன். புறவழிச்சாலையைத் தாண்டி ரத்தப் பரிசோதனைக்கூடம் திறந்திருக்கிறாரே, அவர்தான். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்த காலத்தில் என் கையில் குத்தித்தான் ஊசி போடப் பழகினார். எனக்குக் காலை முறை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடியும்போதே கதவருகில் நின்றுகொண்டு பசிக் கோபத்தில் என்னை வம்சத்தோடு திட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் நான் போய் மெஷினைப் போட்டு, விடை முன்பே தெரிந்த ஒரு மாதிரித் திரவத்தை அதில் ஓட்டி, அது சரியான விடையைச் சொல்லுகிறதா என்று பார்த்த பிறகுதான் மனிதர்களின் ரத்தத்தை வைக்க முடியும். கன்ட்ரோல் என்போம் அதை. நான் போக வேண்டிய நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வாடகைக் காரைக் கூப்பிட்டால், ஊருக்கு வெளியே என்றதும் திரும்பி வருவதற்கும் சேர்த்துக் கேட்கிறார்கள். அப்படிப் போனால் வேலை எனக்கு, சம்பளம் அவர்களுக்கு. வாசலில் உன் கார் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது.

நீ போன இந்த ஆறு வருஷமும் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போர்வையை எடுத்து, நாலு தெரு சுற்றி வந்து, மறுபடி மூடுவார். பேட்டரிக்காக என்பார். போன வருஷம் நான் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். பள்ளியில் கற்றது லைசென்ஸுக்கு, பக்கத்து இருக்கையில் அப்பாவை வைத்துக்கொண்டு கற்றது பொறுமைக்கு. அவர் அங்கே உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து ரப்பர் விரிப்பு தேய்ந்துவிட்டது, என் பக்கத்தது புதிதாக இருக்கிறது. நீ ஓட்டலை, காரைக் கூட்டிக்கிட்டு நடக்கிற என்றார் ஒரு நாள். இத்தனை வருஷம் உங்க வேகத்துக்குத்தானே நடந்தேன், இப்பவும் அப்படியே வருது என்றேன். சிரித்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து என்னோடு வருவதை நிறுத்திக்கொண்டார். நான் தனியாகப் போக ஆரம்பித்தேன். வீட்டிலிருந்து பரிசோதனைக்கூடம் வரைக்கும் உள்ள ஒவ்வொரு வேகத்தடையும் இப்போது எனக்குத் தெரியும். பழைய பாலத்தில் ஏறும்போது எதிரே விளக்கில்லாமல் யாராவது சைக்கிளில் வருவார்கள், அங்கே காலை பிரேக்குக்கு மேலேயே வைத்திருப்பேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதும், போய்ச் சேருவதும். அது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் ஒன்று நடந்தது. யாருக்கும் அடியில்லை, அதனால் மேலே படி. மழை விட்டிருந்த காலை. மருந்துக்கடைக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து முதலில் ஓர் ஏணி வந்தது, ஏணிக்குப் பின்னால் ஆள். பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது, ஏணி நிற்கவில்லை. முன்விளக்கு உடைந்தது, ஆள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெயின்டர். சட்டை முழுக்க வெள்ளைப் புள்ளிகள், சிவப்பு எங்கேயாவது இருக்கிறதா என்றுதான் தேடினேன். இறங்கிப் போய் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், கண்ணை விரித்துப் பார்த்தேன். அவர் கையை உருவிக்கொண்டு, எனக்கு ஒண்ணுமில்லம்மா, அந்த ஏணிக்கு நாடி பாருங்க என்றார். எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே, லைசென்ஸ் எந்தக் கடையில வாங்கினீங்க, பில்லு இருந்தா மாத்திக் குடுப்பான் என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஏணியில் ஒரு படி கழன்றிருந்தது, அதற்குப் பணம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதும் பாத்துப் போங்கக்கா என்றார், அம்மாவிலிருந்து இறங்கி அக்காவாகிவிட்டேன். கூடத்துக்குப் போய்க் கன்ட்ரோல் ஓட்டினேன், எல்லா எண்ணும் வர வேண்டிய இடத்தில் வந்தது. கூட்டம் ஓய்ந்த பிறகு டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன். ஏணிக்கு முன்னால் ஆள் வந்திருந்தால். அந்த வாக்கியம் அதற்கு மேல் போகவில்லை, டீயும் ஆறிவிட்டது.

அன்றைக்கே இன்ஷூரன்ஸ் முகவரை வரச் சொன்னேன். கவலைப்படாதீங்க என்று நாம் பெயர் வைத்தோமே, அதே மனிதர். தலைமுடி போய்விட்டது, கவலைப்படாதீங்க மட்டும் போகவில்லை. பாலிசி முடிய இரண்டு மாதம் இருந்தும் நானாகக் கூப்பிட்டதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நான் அவரிடம் இரண்டே கேள்விகள் கேட்டேன். இந்தக் காரை ஓட்டும்போது எனக்கு அடிபட்டால் என்ன ஆகும், நான் யாரையாவது அடித்தால் என்ன ஆகும். எல்லாமே கவர் ஆகும்மா, கவலைப்படாதீங்க என்று ஆரம்பித்தவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தி, வண்டி யாரு பேர்ல இருக்கு என்றார். பாப்பா பேர்ல என்றார் அப்பா. பாப்பா எங்க இருக்காங்க. அப்பா சொன்னார். அது எத்தனை மணி நேர விமானம் என்பதையும் சேர்த்துச் சொன்னார், அதை அவர் எப்போதும் சேர்த்துத்தான் சொல்லுவார். முகவர் டம்ளரைக் கீழே வைத்தார். ஓட்டுறவங்களுக்கு அடிபட்டா ஒரு தொகை உண்டும்மா, ஆனா ஓட்டுறவங்கதான் வண்டிக்கு ஓனரா இருக்கணும் என்றார். எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. ஆறு வருஷமாக அந்தத் தொகைக்கு நாம் பணம் கட்டி வந்திருக்கிறோம், பாப்பா. இந்தக் காருக்குள் அடிபட வாய்ப்பே இல்லாத ஒரே ஆள் நீ. உனக்குத்தான் அந்தப் பாதுகாப்பு இருந்தது.

சரி, நான் யாரையாவது இடிச்சா என்றேன். கம்பெனி பாத்துக்கும், அதுக்குக் கவலைப்படாதீங்க, கேஸுன்னு போனா மட்டும் நோட்டீஸ் ஓனர் பேருக்கும் போகும் என்றார். அவளுக்கா. ஆமாங்க. ஓட்டினது நானாச்சே. ஆமாங்க. அவ அங்க ஆபீஸ்ல உக்காந்து வேலை பாத்துக்கிட்டு இருப்பா. ஆமாம்மா, கவலை என்று தொடங்கி மீதியை அவரே விழுங்கிக்கொண்டார். அந்த வார்த்தை அவர் வாயில் பாதியில் நின்றதை முதல் முறையாகப் பார்த்தேன். பேரை மாத்திடலாம், பெரிய வேலையில்லை, மூணு தாள்தான், பொண்ணு கையெழுத்துப் போட்டு அனுப்பினாப் போதும் என்றார் பிறகு. அப்பா வேண்டாம் என்றார். சட்டென்று. யாரோ தட்டிப் பறிக்க வந்தது போல இரண்டு கையையும் நீட்டி. இவளுக்குத் தனியா ஒரு விபத்து பாலிசி போட்டுக் குடுங்க, வண்டி பாட்டுக்கு அவ பேர்லயே நிக்கட்டும். அதுவும் நல்ல யோசனைதான் என்றார் முகவர், யார் எதைச் சொன்னாலும் அவருக்கு அது நல்ல யோசனை. பேரை மாத்தினா தள்ளுபடியும் கைவிட்டுப் போயிடும் சார் என்று கூடவே ஒன்று சொன்னார். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

அந்தத் தள்ளுபடியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் கம்பெனியிடம் பணம் கேட்காமல் இருந்தால் அடுத்த வருஷம் கொஞ்சம் குறைப்பார்கள், வருஷம் ஏற ஏற அது கூடும். ஆயுள் முழுக்க மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் உன் அப்பா, வெளியே போகாமல் உள்ளே இருக்கிற எதைப் பார்த்தாலும் அவருக்கு நிம்மதி. அதனால் காரில் என்ன பட்டாலும் க்ளெய்ம் கிடையாது. தண்ணீர் வண்டிக்காரன் பின்பக்கத்தை நசுக்கியபோது கைக்காசைப் போட்டு நிமிர்த்தினார். கதவில் கீறல் விழுந்தபோது உன் காரின் அரக்குச் சிவப்புக்குச் சரியான நகப்பூச்சு தேடிக் கடை கடையாக அலைந்தார். கடைப் பெண், இந்தக் கலர் ஆன்ட்டிக்கு நல்லா இருக்கும் அங்கிள் என்றாளாம். ஆமாம்மா, ஆன்ட்டிக்கு இடது கதவுல கீறல் என்றாராம். இப்போது அலமாரியில் அது மட்டும் ஐந்து புட்டி இருக்கிறது, வருகிறவர்கள் என் நகத்தைப் பார்க்கிறார்கள். முகவர் முன்னாலேயே நான் கேட்டேன், இதுவரைக்கும் கைக்காசு போட்டது தள்ளுபடியில மிச்சம் பிடிச்சதை விட ஜாஸ்தி, அது உங்களுக்குத் தெரியாதா. தெரியும் என்றார். தெரிஞ்சுமா. அது வண்டிக்குச் சேர்றதில்லை, ஆளுக்குச் சேர்றது, பாப்பாவோடது, அவ வந்து ஓட்டும்போது அவளுக்கு வேணுமில்ல என்றார்.

முகவர் தன் பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினார், ஒன்றும் எடுக்கவில்லை. நீ இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனாய். பிறகு நீட்டித்தாய். பிறகு நீட்டிப்பதைப் பற்றிச் சொல்வதை நிறுத்தினாய், நாங்களும் கேட்பதை நிறுத்தினோம். வருஷத்துக்கு ஒரு முறை பாலிசியைப் புதுப்பிக்கும்போது அதில் உன் பெயர் அச்சாகி வரும். அப்பா அதைத் தடவி மடித்து வைப்பார். தள்ளுபடி ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். இதை உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. வா என்று சொல்லவும் எழுதவில்லை. நீ வருவதும் இருப்பதும் உன் வேலையையும் உன் மனசையும் பொறுத்தது. ஒரு கார் யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து அதை நாங்கள் நிச்சயம் செய்துகொள்ள முடியாது. உன் பெயர் அதில் இருக்கிற வரைக்கும் நான் ஒவ்வொரு தடவை வண்டியைக் கிளப்பும்போதும் உன் தலையில் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் கிளப்புகிறேன். அது எனக்கு ஒப்பவில்லை. என் பிழை என் பெயருக்கு வர வேண்டும்.

இதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் பேச்சு குறைவு. சாப்பிட வாங்க, சாப்பிட்டாச்சு, கதவைச் சாத்தியாச்சா, அவ்வளவுதான். அதற்கு நடுவில் நீயும் உன் பங்குக்கு ஒரு பட்டியல் அனுப்பினாய், இருப்பதிலேயே பெரிய பாலிசி, டயர் வெடித்தால், சாவி தொலைந்தால், பெட்டி திருடு போனால், எல்லாவற்றுக்கும். நானே கட்டிடறேம்மா, நீ நிம்மதியா ஓட்டு என்றாய். கூடவே, இல்லைன்னா பேசாம வித்துடுங்களேன் என்றாய். உன் நிம்மதி எல்லாவற்றையும் வாங்கிவிடுவதில் இருக்கிறது, அப்பாவின் நிம்மதி எதையும் செலவழிக்காமல் இருப்பதில் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஜாடை என்று நீ பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் சும்மா சொல்லவில்லை, பயத்திலும் ஒரே ஜாடைதான். எனக்கு என் வேலையிலிருந்துதான் வழி தெரிந்தது. டாக்டரம்மா கொஞ்ச நாளாகவே, கன்ட்ரோல் விலை ஏறிக்கிட்டே போகுது, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஓட்டினாப் போதாதாக்கா, மெஷின் நல்லாத்தானே இருக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்லா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், நேத்து நான் ஓட்டினதாலதானே என்றேன். ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. விற்க வருகிறவன் எல்லாவற்றுக்கும் எல்லாக் கன்ட்ரோலையும் தினமும் ஓட்டச் சொல்லுவான், அவன் பிழைப்பு அது. அதனால் பிரித்தேன். எண் தப்பினால் ஒருவருக்குத் தவறான மருந்து போய்விடும் என்கிற பரிசோதனைகளுக்குத் தினமும், அதில் பேச்சே கிடையாது. தப்பினால் மறுபடி ஒரு தரம் ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்பவற்றுக்கு இடைவெளி விட்டு. செலவு குறைந்தது. என் தூக்கம் குறையவில்லை.

காருக்கும் அப்படியே பிரித்தேன். ஆளுக்கு வருகிற சேதம் ஒரு பக்கம், தகரத்துக்கு வருகிற சேதம் ஒரு பக்கம். என்னால் வெளியே யாருக்கு அடிபட்டாலும், என் வண்டியில் உட்கார்ந்து வருகிறவருக்கு அடிபட்டாலும், எனக்கே பட்டாலும், அதற்கு எவ்வளவு உண்டோ அவ்வளவும். அங்கே கஞ்சத்தனம் இல்லை. காரின் சேதத்துக்கும் பாலிசி உண்டு, ஏனென்றால் அது தீப்பிடித்தாலோ திருடு போனாலோ நான் வேலைக்குப் போக முடியாது, இன்னொன்று வாங்கவும் முடியாது. ஆனால் எந்தப் பழுதாக இருந்தாலும் முதல் பங்கு என் கையிலிருந்து என்று ஒப்புக்கொண்டேன், வழக்கத்தைவிடப் பெரிய பங்கு. அப்படி ஒப்புக்கொண்டால் பிரீமியம் நன்றாக இறங்குகிறது. கீறலுக்கும் முன்விளக்குக்கும் எப்படியும் கம்பெனியிடம் போகப் போவதில்லை, பிறகு எதற்கு அதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். நீ எழுதிய கூடுதல் பாதுகாப்புகளில் ஒன்றே ஒன்றை எடுத்தேன், வழியில் வண்டி நின்றால் வந்து இழுத்துப் போகிற உதவி. பாலத்துக்கு அப்பால் கிடங்குகளும் நாய்களும்தான், அந்த நேரத்தில் அங்கே நிற்க எனக்கு விருப்பமில்லை. சாவித் தொலைப்பு வேண்டாம், உன் அப்பா மூன்று மாற்றுச் சாவி வைத்திருக்கிறார், ஒன்று எங்கே என்பது எனக்கே தெரியாது. காரோட மதிப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டா பிரீமியம் இன்னும் இறங்கும், கவலைப்படாதீங்க என்றார் முகவர். திருடு போனால் அந்தக் குறைச்ச மதிப்புதானே கைக்கு வரும் என்றேன். அதுக்குக் கவலைப்படணும் என்று ஒப்புக்கொண்டார். மொத்தத்தில் அப்பா சொன்னதைவிட அதிகம், நீ சொன்னதில் பாதியைத் தாண்டிக் கொஞ்சம். என் சம்பளத்திலிருந்து கட்டுகிறேன். நீ ஒன்றும் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், அந்தக் கட்டணம் வேறு வீண்.

அப்பா எப்படி இறங்கி வந்தார் என்று கேட்பாய். நான் எதையும் பேசி வெல்லவில்லை. ஒரு நாள் முகவர் போன் செய்து, பேரை மாற்றினாலும் உன் தள்ளுபடியைக் காப்பாற்றி வைக்கக் கம்பெனி ஒரு கடிதம் கொடுக்கும், சில வருஷத்துக்குள் நீ இங்கே வேறு கார் வாங்கினால் அதற்குச் செல்லும் என்றார். அப்பா என் கையிலிருந்து போனை வாங்கி, சில வருஷம்னா எத்தனை என்றார். அவர் சொன்னார். அதுக்கு மேல நீட்டிக்க முடியுமா என்றார். முடியாதாம். அப்பா கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார், அந்தப் பக்கம் வைத்துவிட்ட பிறகும். பிறகு சரி என்றார். மறுநாள் காலையில் பேருந்தில் போய் இந்த மூன்று தாள்களையும் அவரேதான் வாங்கி வந்தார். அந்த வருஷக் கணக்கைப் பற்றி நான் அவரிடம் பேசவில்லை. நீயும் பேசாதே. அவரிடம் பேச வேண்டும் போலிருந்தால் பேட்டரி எப்படி இருக்கிறது என்று கேள், அரை மணி நேரம் சொல்லுவார்.

தாள்கள் திரும்பி வந்து பெயர் மாறுகிற வரைக்கும் காரைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். கூடத்தில் பில் போடுகிற பெண் தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு போகிறாள். வளைவுகளில் நான் எதையோ மிதிக்கிறேனாம், ஆன்ட்டி, அது என் கால் என்கிறாள். அவளும் அடுத்த மாதம் நீண்ட விடுப்பில் போகிறாள், பாலிசியும் அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் பெயர் மாறவில்லை என்றால் காலை முறையை வேறு ஆளுக்குக் கொடுப்பதைத் தவிர டாக்டரம்மாவுக்கு வழியில்லை, அதை அவர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார். சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆகவே தள்ளிப் போடாதே. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை அப்பா குறித்து வைத்திருக்கிறார். இப்போது போடுகிறாயே, ஒரு கோடும் ஒரு சுழியும், அது வேண்டாம். கார் வாங்கியபோது போட்ட பழைய கையெழுத்து, முழுப் பெயரும் தெரியுமே, அது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். போடுவதற்கு முன் நாலு தடவை வேறு காகிதத்தில் போட்டுப் பழகிக்கொள், கை மறந்திருக்கும். கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா. வலி இல்லை என்பதற்காக விட்டுவிடாதே, வலி இல்லாதபோது போனால்தான் செலவு குறைவு. நீ இருக்கிற வாடகை வீட்டுக்கு என்ன பாலிசி எடுத்திருக்கிறாய் என்பதையும் ஒரு தடவை உட்கார்ந்து படி. யாருடைய பொருளுக்கு, யாருக்கு அடிபட்டால், என்று விரல் வைத்துப் படி. உன் அப்பாவும் நானும் ஆறு வருஷம் படிக்கவில்லை.

நீ எந்த ஊர்ச் சாலையில் போனாலும் முழுதாகப் போய்ச் சேர வேண்டும், முழுதாக வீடு திரும்ப வேண்டும், அந்த வீடு எதுவாக இருந்தாலும். எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. தாள்களை மறக்காதே.

காரை ஓட்டப் போகிற
உன் அம்மா

பி.கு.: தபால் நிலையத்தில் நின்று எழுதுகிறேன். ஒட்டுவதற்கு முன் தாள்களை ஒரு தரம் சரிபார்த்தேன். முதல் இரண்டில் அப்பாவின் பென்சில் குறி இருக்கிறது. மூன்றாவதில், இந்த வாகனத்தின் மீது எனக்கு இனி உரிமை இல்லை என்கிற வரிக்குக் கீழே, குறி இல்லை. அவர் மறக்கிறவர் இல்லை. கவுன்டரில் பென்சில் கேட்டேன், பேனாதான் இருந்தது. பேனாவாலேயே நான் குறித்துவிட்டேன்.